ஐபேடில் தொடங்கினால் கைவேலை இல்லையா?

சனிக்கிழமை ஓவியக் கண்காட்சியில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். ஐபேடில் தொடங்கிய படம் கைவேலை ஆகாது என்று அதை நடத்தியவர் என் வாட்டர்கலர் படத்தை ஒதுக்கிவிட்டார். அதைச் சுவரிலிருந்து இறக்கச் சொன்னதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். "இது கம்ப்யூட்டர் போட்டது" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னாரே, அதுதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது. அதுவும் நானே போட்ட செய்முறை வீடியோவைப் பார்த்துவிட்டு!

அந்த வீடியோவில் இருப்பது என்ன? நோட்டில் பென்சிலால் பத்துப் பன்னிரண்டு முறை வரைந்து பார்த்தேன். பிடித்த ஒன்றைப் படமெடுத்து ஐபேடில் ஏற்றி, மரத்தைக் கொஞ்சம் நகர்த்தி, எங்கே இருட்டு, எங்கே வெளிச்சம் என்று முடிவு செய்தேன். அதைப் பிரிண்ட் எடுத்து, அடியில் விளக்கு எரியும் லைட் பாக்ஸ் மேல் வைத்து, அதன்மேல் போட்ட வாட்டர்கலர் தாளில் கோடுகளை வரைந்தெடுத்தேன். அப்புறம் ஒன்பது நாள் பிரஷ்தான். தாளில் அன்டூ பட்டன் கிடையாது. ஈரம் காய்வதற்குள் கை தயங்கியதால் இரண்டு தாள் வீணானது. அது கைவேலை இல்லையென்றால் வேறு எது?

ஓவியர் ரவி வர்மா தன் படங்களை அச்சடிக்க 1894இல் பம்பாயில் அச்சகமே வைத்தார். காலண்டர் ஓவியர் கொண்டையராஜு கோவில்பட்டியில் கையால் வரைந்த சாமிப் படங்கள் சிவகாசியில் அச்சாகித்தான் நம் பூஜை அறைக்கு வந்தன. அவற்றை மெஷின் படம் என்று யாரும் ஒதுக்கவில்லை, கும்பிட்டோம். இங்கிலாந்து ஓவியர் டேவிட் ஹாக்னி எழுபது வயது தாண்டி ஐபேடில் வரைந்ததைப் பெரிய மியூசியங்கள் மாட்டின. நான் தொட்டால் மட்டும் ஏமாற்றா?

"கைப்பழக்கம் கெட்டுவிடும்" என்பார்கள். சரி, அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஐபேடே கதி என்று கிடந்த ஒரு வருடம் என் கோடு தளர்ந்துபோனது உண்மை. அதனால்தான் தாளுக்குத் திரும்பினேன். "திரையில் திருத்துவது குறுக்குவழி" என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. ஒரு நாள் உட்கார்ந்து செய்து பார்க்கட்டும்.

"கம்ப்யூட்டர்தானே பெயின்டர்கள் பிழைப்பைக் கெடுத்தது?" என்று ஒருவர் கமென்ட்டில் கேட்டிருக்கிறார். என்னிடமா கேட்கிறீர்கள்? என் அப்பா மதுரையில் போர்டும் சினிமா பேனரும் எழுதியவர். கையளவு ஸ்டில்லில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் பெரிதாகப் போட்டு, இருபதடி முகத்தை எழுப்புவார். கட்டம் போட்டதால் அவர் ஓவியர் இல்லை என்று யாரும் சொன்னதில்லை. 2000க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. வேலை போனது. பிரஷ்களை மண்ணெண்ணெயில் கழுவி டப்பாவில் போட்டு மூடினார்.

அந்த மனிதர், நான் ஐபேடை வாங்கி வந்த அன்று கேட்ட முதல் கேள்வி, "இதுல கட்டம் போட முடியுமா?" போட்டுக் காட்டினேன். அரை மணி நேரம் கீழே வைக்கவில்லை.

சனிக்கிழமை அவரும் அங்கே நின்றிருந்தார். படத்தை இறக்கும்போது பிரேமின் அந்தப் பக்கத்தைப் பிடித்தது அவர்தான். பஸ்ஸில் வீடு வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.