ஒரே பிரிவில் இருந்தால் ஒரே அளவு ஆபத்தா?

"தினமும் சாசேஜ் சாப்பிடுவதும் சிகரெட் பிடிப்பதும் ஒன்றுதான், உலக சுகாதார அமைப்பே சொல்லிவிட்டது" என்று ஒரு தகவல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது தவறு.

அந்த அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 அக்டோபரில், சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு காட்டுவது, புற்றுநோய் வரும் என்பதற்கான சான்று எவ்வளவு உறுதியானது என்பதை மட்டுமே. ஆபத்தின் அளவை அல்ல. முகமை அப்போதே எடுத்துக்காட்டிய மதிப்பீட்டின்படி, பதப்படுத்திய இறைச்சி மிகுந்த உணவால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 34,000 புற்றுநோய் மரணங்கள். புகையிலையால் சுமார் 10 லட்சம். இரண்டும் ஒன்று என்று நம்பிவிட்டால், புகைப்பவர் "எல்லாமே புற்றுநோய்தானே" என்று சிகரெட்டை விடாமலே இருந்துவிடுவார். என் கவலை அதுதான்.

அப்புறம், அந்த அறிவிப்போடு வந்த 18 சதவீதம் என்ற எண். தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு அந்த அளவு கூடும் என்பது சரி. பலர் இதை 100 பேரில் 18 பேருக்கு வரும் என்று படித்துவிடுகிறார்கள். சாப்பிடாதவர்களில் 100க்கு 5 பேருக்கு வாழ்நாளில் வரும் என்று வைத்துக்கொண்டால், தினமும் சாப்பிடுபவர்களில் அந்த 5 என்பது 18 சதவீதம் கூடி, கிட்டத்தட்ட 6 ஆகும்.