அஞ்சலை என்றால் எழுபது வயதா?

பழைய பெயர்களைப் பாராட்டுவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. “ஆகா, மண்வாசனை வீசும் பெயர்” என்று என்னிடம் சொல்பவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் பெயர்களை நான் அறிவேன். பாதிக்கு மேல் ‘ஷ்’ உள்ள பெயர்கள்தாம். அவர்கள் மேல் கோபமில்லை. ஆனால் அந்தப் பாராட்டை வாங்கி வைத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை.

என் பெயர் அஞ்சலை. இன்னும் நாற்பதைத் தொடவில்லை. வங்கியிலிருந்து தொலைபேசியில் அழைக்கும் பெண் என் குரலைக் கேட்டதும், “அம்மாவிடம் கொடுங்கள்” என்கிறாள். மருத்துவமனையில் பெயரைக் கூப்பிட்டு நான் எழுந்து நின்றால், எனக்குப் பின்னால் தடியூன்றி யாராவது வருகிறார்களா என்று செவிலியர் எட்டிப் பார்க்கிறார். இவற்றைச் சிரித்துக் கடந்துவிடலாம். “அஞ்சலி என்று மாற்றிக்கொள்ளக் கூடாதா? அரசிதழில் ஒரு விளம்பரம், முடிந்தது வேலை” என்று அக்கறையாக யோசனை சொல்பவர்களிடம்தான் சிரிப்பு வருவதில்லை. தெருமுனைச் சுவரொட்டியில் கண்ணீரோடு சேர்த்து அச்சடிக்கிற சொல்லைவிட என் பெயர் எதில் குறைந்துபோயிற்று?

இது என் ஆயாவின் பெயர், அதாவது அப்பாவைப் பெற்றவளின் பெயர். கடலூர், விழுப்புரம் பக்கம் தெருவுக்கு இரண்டு அஞ்சலை இருந்த காலத்தவள். தன் பெயர் பேத்திக்கு வந்ததில் அவளுக்குத் தாங்க முடியாத பெருமை. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட வீட்டில் ஆளில்லை. மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. எனவே அம்மாவுக்கு நான் ‘பாப்பா’. அப்பாவுக்குப் பெற்ற தாயின் பெயர். அதைச் சொல்லி ‘வாடி, போடி’ என்று அதட்ட முடியுமா? அவர் என்னை ‘ஆயா’ என்றே அழைத்தார். பரீட்சையில் மதிப்பெண் குறைந்தபோதும், “ஏன் ஆயா, படிக்கவில்லையா?” என்றுதான் கேட்டார். திட்டுகூட மரியாதையோடுதான் விழுந்தது. அம்மாவுக்குக் கோபம் தலைக்கேறினால் திண்டாட்டம்தான். பெயரைச் சொல்லாமல் ஒரு பிள்ளையை எவ்வளவு நேரம் திட்ட முடியும்? ஆயா திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். அப்படித் திட்டு விழாமலிருக்கத்தான் முன்னோர் இப்படி ஒரு ஏற்பாடு செய்தார்களோ என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

அதனால் என் பெயரை நான் முதன்முதலில் ஒழுங்காகக் கேட்டது பள்ளியில், வருகைப் பதிவின்போதுதான். கூடவே சிரிப்பொலியும் வந்தது. அந்த வகுப்பில் யாருக்கும் என் ஆயாவைத் தெரியாது. தொலைக்காட்சித் தொடரில் பாத்திரம் தேய்க்க வரும் அஞ்சலையைத் தெரியும். அவளுக்கு முன்னும் பின்னும் முனியம்மா, பொன்னம்மா, குப்பம்மா என்று ஒரு வரிசையே தெரியும். வார இதழ் நகைச்சுவைத் துணுக்குகளில் முதலாளியம்மாவின் புடவையைக் கட்டிக்கொண்டு போகிறவளுக்கும் அதே பெயர்கள்தாம்.

பெயர் பழையதாகிவிட்டது என்கிறார்களே, அந்தக் கணக்கு எனக்குப் புரிவதில்லை. மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள் ஆதிரை. அந்தப் பெயர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையது. இன்று மழலையர் பள்ளிக்குப் போய்ப் பாருங்கள், எத்தனை ஆதிரைகள்! குந்தவை ராஜராஜ சோழனின் அக்காள்; அவள் பெயரையும் குழந்தைக்கு வைக்கிறார்கள், கேட்பவர்கள் ‘என்ன ஒரு கம்பீரம்’ என்கிறார்கள். ஆக, ஆயிரம் ஆண்டுப் பெயர் புதிது, அறுபது ஆண்டுப் பெயர் பழசு. அரசியின் பெயரும் காப்பியப் பெண்ணின் பெயரும் எத்தனை நூற்றாண்டு கழித்து வந்தாலும் நாகரிகம். களையெடுத்தவள், மீன் கூடை சுமந்தவள், நாற்று நட்டவள் பெயர் என்றால் அவள் கண்மூடும் முன்பே நாட்டுப்புறம். இதில் வயதுக்கு என்ன வேலை இருக்கிறது? சாதியும் கூலியும்தான் இங்கே வயது என்று வேடம் போட்டு வருகின்றன.

என் மகளின் பெயரும் ஆதிரைதான். எனக்குப் பிடித்த பெயர், ஆசையாக வைத்தேன். ‘ஏன் அஞ்சலை என்று வைக்கவில்லை?’ என்று கேட்பவர்களுக்கு: அது என் பெயர், நான் இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறேன்.

பழைய பெயர் எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டும் என்று சொல்வதற்கும் நான் ஆளில்லை. அடுத்தது ஆணாகப் பிறக்க வேண்டும் என்று பெண் குழந்தைக்கு ‘வேண்டாம்’ என்று பெயர் வைத்த ஊர்கள் வட மாவட்டங்களில் உண்டு. ‘போதும்பொண்ணு’ என்ற பெயரை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அவற்றை மாற்ற ஒரு பெண் அரசிதழுக்கு விண்ணப்பித்தால் கட்டணத்தை நானே கட்டுகிறேன்.

விடுதலைப் போராட்ட வீரர் கடலூர் அஞ்சலையம்மாளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1890-இல் பிறந்தவர். 1927-இல் சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற, 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய ஆங்கிலேயப் படை அதிகாரி நீலின் சிலையை அகற்றக் கோரும் போராட்டத்துக்கு, சிறுமியான மகள் அம்மாக்கண்ணுவையும் அழைத்துக்கொண்டு போய்ச் சிறைப்பட்டவர். 1937-இல் சட்டமன்ற உறுப்பினரானார்; அதே ஆண்டு அமைந்த ராஜாஜி அமைச்சரவைதான் அந்தச் சிலையை அகற்றியது. இவ்வளவும் பெருமையாகப் படித்துக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் எனக்குச் சுருக்கென்றிருக்கும். காந்தியடிகள் அம்மாக்கண்ணுவை வார்தா ஆசிரமத்துக்கு அழைத்துச் சென்றார். பெயரை லீலாவதி என்று மாற்றினார். அன்பினால்தான் செய்திருப்பார். ஆனாலும் வெள்ளைக்காரன் சிலையை எதிர்த்துச் சிறைக்குப் போன பெயர் அம்மாக்கண்ணு. அந்தப் பெயரோடு ஆசிரமத்தில் இருந்திருக்கக் கூடாதா?

2024 அக்டோபரில் விக்கிரவாண்டியில் நடந்த கட்சி மாநாட்டில் அஞ்சலையம்மாளுக்கு வானுயரக் கட்-அவுட் வைத்தார்கள். அந்தக் கட்சியைப் பற்றி எனக்குத் தனிக் கருத்து உண்டு, அது இங்கே வேண்டாம். அந்த வாரம் முழுக்க, “இனி உன் பெயருக்குத்தான் மவுசு” என்று செய்தி மேல் செய்தி. அனுப்பியவர்களில் ஒருத்திக்கு அடுத்த மாதம் பிரசவம். பெண் பிறந்தால் அஞ்சலை என்று வைக்கிறாயா என்று கேட்டேன். “ஐயோ, பள்ளியில் கிண்டல் செய்வார்களே” என்றாள். அவள் பயம் நியாயமானது. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு எந்தப் பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நடுக்கூடத்தில் இரவு ஏழு மணிக்கு மேல் ஓடும் தொடர்தானே?

தொடர் எழுதுகிறவர்கள் என் நண்பர்கள் பட்டியலில் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கதையில் இதய அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவருக்கு அஞ்சலை என்று பெயர் வையுங்கள். அதற்கு ஒரு முன்கதையோ விளக்கமோ கொடுக்காதீர்கள், பெயர் பாட்டுக்கு இருக்கட்டும். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கு ஆதிரை என்று வையுங்கள். என் மகள் கோபித்துக்கொள்ள மாட்டாள், கேட்டுவிட்டேன்.