போர்ட்ஃபோலியோவில் நடிகர் முகம் வேண்டாம்

வெளிநாட்டு ஓவியக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பிள்ளைகளின் போர்ட்ஃபோலியோவில், அதாவது விண்ணப்பத்தோடு அனுப்பும் சொந்தப் படைப்புகளின் தொகுப்பில், திரும்பத் திரும்ப ஒரே வரிசைதான் வருகிறது. போனில் இருந்த நடிகர் படத்தைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கிய பென்சில் ஓவியம் நாலு. தங்க ரேக் (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டிய கிருஷ்ணர் ஒன்று. காலண்டர் பார்த்து வரைந்த அருவி ஒன்று. கை சுத்தமாக இருக்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் இந்தப் பிள்ளை எதைப் பார்க்கிறது, எப்படி யோசிக்கிறது என்று தேர்வுக் குழு தேடும்போது அந்தப் படங்களில் பதில் கிடைக்காது.

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைன் 12 முதல் 20 படைப்புகள் கேட்கிறது. அதில் பாதியாவது நேரில் பார்த்து வரைந்ததாக இருக்கட்டும். அதற்கு ஊரை விட்டு எங்கும் போக வேண்டாம். வெண்கலச் சிலை வார்க்கும் சுவாமிமலைப் பட்டறை ஒன்றில் அனுமதி கேட்டு அரை நாள் உட்கார்ந்தால் நோட்டில் ஆறு பக்கம் நிறையும். தென்னை ஓலை நறுக்கை மடித்துத் தாளக் கணக்கு, அதாவது சிலையின் உறுப்பு அளவுகள், குறிப்பது, தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த உருவில் விரலைச் சூடான கரண்டியோடு மாற்றி மாற்றி வைப்பது, அதன்மேல் காவிரி வண்டலை மெல்லிசாகப் பூசியதும் மூக்கு நுனியில் முதலில் ஈரம் போய் நிறம் வெளுப்பது. முடிந்த நடராஜரை வரைந்த படத்தைவிட, மெழுகு உருகி ஓடிய பிறகு காலியாக நிற்கும் அச்சின் வாயை வரைந்த பக்கம் அதிகம் பேசும். அந்தப் பக்கத்தை அழகாகத் திருப்பி எழுதாதீர்கள். அடித்தல் திருத்தலோடு அப்படியே போகட்டும். பட்டறைச் சிற்பி செய்தது எது, நீங்கள் செய்தது எது என்று குறிப்பில் பிரித்து எழுதிவிடுங்கள்.

இங்கிலாந்து, அமெரிக்காவுக்குக் கெடு பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில். நம் பிள்ளைகள் தங்கள் படைப்புகளை போனில் படம் எடுக்க ஆரம்பிப்பது ஐப்பசி அடைமழையில். வெளிச்சமும் இருக்காது, காகிதமும் ஈரத்தில் நெளியும். ஆவணியிலேயே எடுத்துவிடுங்கள். காலை ஒன்பது மணி, நேர் வெயில் படாத திண்ணை, ஃபிளாஷ் கூடாது. இரண்டு மீட்டர் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தால் சட்டத்தின் ஓரம் வளையாது. தஞ்சாவூர் ஓவியமாக இருந்தால் கண்ணாடியைக் கழற்றி, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி வையுங்கள். இல்லாவிட்டால் தங்க ரேக் வெறும் வெள்ளைத் திட்டாகத்தான் தெரியும்.

எந்த நாடு என்பதற்கு என் கருத்து இதுதான்: பன்னிரண்டாம் வகுப்பு முடித்த உடனே கடன் வாங்கிக்கொண்டு ஓட வேண்டாம். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் நாலு வருட பி.எஃப்.ஏ. (கவின் கலை இளங்கலை) முடித்துவிட்டு முதுகலைக்குப் போவது நல்லது. இங்கிலாந்தில் பல பி.ஏ. படிப்புகளுக்கு முன்னால் ஒரு வருட ஃபவுண்டேஷன் என்ற ஆயத்தப் படிப்பையும் எதிர்பார்ப்பார்கள். முதுகலைக்குப் போனால் அந்தச் செலவும் மிச்சம். ஜெர்மனியின் அரசுக் கலைக் கல்லூரிகள் பலவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. கட்டணம் இல்லை என்றதும் செலவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நம் மார்க் ஷீட், சான்றிதழ்களைச் சரிபார்த்து ஜெர்மன் தூதரகத்தின் பிரிவு தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ், ஜெர்மன் மொழி, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க முடிகிற முடக்கப்பட்ட கணக்கில் ஒரு வருடச் செலவுக்கான பணம், எல்லாம் வேண்டும்.

பெற்றோர் பெரும்பாலும் இடறும் இடம் நிலம். ஐந்து ஏக்கர் நஞ்சை இருக்கிறது, அதை வைத்துக் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பி இருப்பார்கள். கடன் கட்டாவிட்டால் கோர்ட்டுக்குப் போகாமலே ஈட்டை வங்கி எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்பதால் கல்விக் கடனுக்கு வங்கிகள் அதை ஈடாக எடுக்கத் தயங்கும். வீடு, மனை, வைப்புத்தொகைதான் கேட்பார்கள். அந்த வீட்டுப் பட்டாவும் தாத்தா பெயரிலேயே கிடந்தால் மாற்றுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். அட்மிஷன் கடிதம் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே தாலுகா ஆபீசுக்குப் போங்கள். இங்கிலாந்து விசாவுக்குக் காட்டும் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். குறுவை நெல் பணத்தைப் போட்டுவிட்டு நடுவில் சம்பாவுக்கு உரம் வாங்க எடுத்து, ஒரே ஒரு நாள் தேவையான தொகைக்குக் கீழே இறங்கினாலும் விண்ணப்பம் போச்சு. நெல்லுக்குக் கொள்முதல் நிலையம் கொடுத்த ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள்.

கடைசியாக, இனிஷியல். மார்க் ஷீட்டில் ஒரே எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. அப்படிக் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய்விடும். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ (பெயர் தெரியவில்லை) என்று விழும். முதலில் பாஸ்போர்ட்டைச் சரிசெய்யுங்கள், அதற்குப் பிறகு ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு எழுதுங்கள். தேர்வுக்குப் பதியும்போதும் அறைக்குள் நுழையும்போதும் கேட்பது பாஸ்போர்ட்டைத்தான்.