காமன்ஸ் படம் என்றால் பெயர் போட வேண்டாமா?
"விக்கிமீடியா காமன்ஸில் இருக்கிற படத்துக்கு உரிமையே கிடையாது, பெயர் போடாமல் அச்சடிக்கலாம்" என்று உங்கள் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். (காமன்ஸ் என்பது யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று படங்களைப் போட்டு வைக்கும் இணையதளம்.) அது தப்பு அண்ணே. படத்தைப் பயன்படுத்தலாம், காசுக்குக்கூட விற்கலாம், அதுவரை சரி. ஆனால் படத்துக்குக் கீழே 'சிசி பை-எஸ்ஏ 4.0' (CC BY-SA 4.0) என்ற உரிமம் இருந்தால் படம் பிடித்தவர் பெயர், உரிமத்தின் பெயர், அதன் இணைப்பு எல்லாம் போட வேண்டும், வெட்டியோ நிறம் மாற்றியோ இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். பெயர் கேட்காதது, எடுத்தவரே உரிமையை விட்டுக்கொடுத்த சிசி0 (CC0) படம், உரிமைக் காலம் முடிந்த படம் போன்றவைதான்.

செங்கோட்டையிலிருந்து போய், கழுதுருட்டி பதிமூணு கண் பாலத்துக்கு எதிரே மழையில் ஒரு கையில் குடையோடு ரயில் வரும்வரை காத்திருந்து நான் எடுத்துக் காமன்ஸில் போட்ட படம், போன வருஷம் புனலூர்ப் பக்கம் ஒரு கடை காலண்டரில் வந்தது. வானத்தைப் பாதி வெட்டி அந்த இடத்தில் கடைப் பெயரை அடித்திருந்தார்கள், என் பெயர் எங்கேயும் இல்லை. நான் காசு கேட்கவில்லை, பெயரைத்தான் கேட்டேன், அதற்கும் இதே பதில்தான் வந்தது.

அப்புறம் இன்னொன்று. நிபந்தனையை மீறினால் உரிமம் தானாகவே ரத்தாகிவிடும், ஆனால் இந்த உரிமத்தின் 4.0 பதிப்பில் தவறு தெரியவந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் திரும்பக் கிடைக்கும். உங்கள் பக்கத்தில் அப்படிப் பெயர் போடாமல் ஏதாவது படம் போட்டிருந்தால் இன்றைக்கே பெயரும் உரிமமும் சொல்லும் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.