சிரிக்க வைத்தவரின் பெயரை ஏன் வெட்டுகிறோம்?

ஒன்றரைப் பக்கத்தில் ஒரு நல்ல நகைச்சுவைக் கட்டுரை எழுதுவது முந்நூறு பக்கச் சோக நாவலை எழுதுவதைவிடக் கடினம் என்பது என் உறுதியான எண்ணம். சோகத்தில் நாலு வரி தொய்ந்தாலும் வாசகர் பொறுத்துக்கொள்வார். நகைச்சுவையில் ஒரு சொல் இடம் மாறினாலே போதும், சிரிப்பு வராது.

அப்படி உழைத்து எழுதியதை நாம் வாட்ஸ்அப்பில் எப்படி அனுப்புகிறோம் என்று பாருங்கள். மேலே 'படித்ததில் பிடித்தது'. எழுதியவர் பெயர் இல்லை. நீளமாக இருக்கிறதென்று முதல் இரண்டு பத்தி காணாமல் போயிருக்கும். நடுநடுவே கண்ணீர் வழியச் சிரிக்கும் பொம்மைகள் வேறு. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம்.

அந்த முதல் இரண்டு பத்தியில்தான் வேலையே நடக்கிறது. எழுத்தாளர் தேவன் படைத்த துப்பறியும் சாம்புவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஒன்றும் பெரிய மூளைக்காரர் இல்லை. ஏதோ செய்யப்போய் ஏதோ ஆகி, வழக்கு தானாகத் துலங்கிவிடும். ஊரோ அவரை மேதை என்று கொண்டாடும். அவர் முழிக்கிற இடத்தை வெட்டிவிட்டுப் பாராட்டு மழையை மட்டும் அனுப்பினால் யாருக்குச் சிரிப்பு வரும்? தமிழில் இன்னொரு வசதியும் உண்டு. வினைமுற்று பெரும்பாலும் கடைசியில் வருவதால், எழுத்தாளர் வாக்கியம் முழுக்க நம்மை ஒரு பக்கம் அழைத்துப்போய்க் கடைசிச் சொல்லில் திருப்பிவிடலாம். அந்தச் சொல்லுக்கு முன்னாலேயே ஒரு பொம்மையைச் செருகினால் திருப்பம் போச்சு.

நகைச்சுவையைத் தமிழ் என்றைக்குமே மட்டமாக நினைத்ததில்லை. தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உள்ளத்து உணர்ச்சிகள் வெளியே தெரியும் விதங்களில், முதலில் நிற்பது நகைதான். அது பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கையும் சொல்கிறது. இன்று எனக்கு வந்து சேரும் ஃபார்வர்டுகளில் பெரும்பாலானவை எள்ளல் ஒன்றையே பிடித்துக்கொண்டிருக்கின்றன, அதுவும் அடுத்தவர் உடம்பையோ மனைவியையோ வைத்து. சாம்பு நிற்பது பேதைமையில், அதாவது ஒன்றும் அறியாத வெகுளித்தனத்தில். இன்னொரு நகைச்சுவை எழுத்தாளர் எஸ்.வி.வி. திருவண்ணாமலையில் வக்கீலாக இருந்தவர். முதலில் ஆங்கிலத்தில் எழுதி, பிறகு தமிழுக்கு வந்தார். அவர் எழுத்தில் வீட்டுக்குள் நடக்கும் சின்னச் சின்ன வீம்புகள்தான் விஷயம். படிக்கும்போது யாரும் புண்படுவதில்லை, நம் வீட்டு ஆள் ஒருவரின் முகம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. பல பத்தாண்டுகள் கழித்தும் இவை படிக்கப்படுவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, பெயர் விஷயத்துக்கு வருகிறேன். அப்புசாமி, சீதாப்பாட்டி கதைகளை எழுதியவர் ஜ.ரா. சுந்தரேசன். அந்தக் கதைகளுக்கு அவர் வைத்துக்கொண்ட பெயர் பாக்கியம் ராமசாமி. பாக்கியம் அவருடைய அம்மா, ராமசாமி அப்பா. அவர் கதை ஒன்றைப் பெயர் இல்லாமல் அனுப்பும்போது ஒரு மகன் தன் பெற்றோருக்குச் செய்த மரியாதையையும் சேர்த்தே அழிக்கிறோம். 2017இல் அவர் காலமானார். இனி அவர் வந்து கேட்கவும் முடியாது. சட்டமும் இதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவுப்படி, பதிப்புரிமையை வேறொருவருக்கு எழுதிக் கொடுத்த பிறகும், 'இது நான் எழுதியது' என்று சொல்லும் உரிமை எழுதியவரிடமே இருக்கிறது.

இன்று முகநூலில் பிரமாதமாக நகைச்சுவை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பலருக்கு இதில் ஒரு ரூபாய் வருமானம் கிடையாது, கிடைப்பது பெயர் மட்டும்தான். அவர்கள் பதிவை நகலெடுத்து ஒட்டாமல் பகிர்வுப் பொத்தானை அழுத்துங்கள். ஒரு நொடி வேலைதான் அது.

எனக்கு மிகவும் பிடித்த பகிர்வு, வாய்விட்டுப் படித்துக் காட்டுவது. படிக்கிறவர் முந்திக்கொண்டு சிரிக்கக் கூடாது. 'இதைக் கேளேன், வயிறு வலிக்கும்' என்ற முன்னுரையும் வேண்டாம். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, எழுதியவர் பெயரைச் சொல்லி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திப் படித்தால் போதும்.

வந்த கட்டுரையில் பெயர் இல்லை என்றால், அதிலிருந்து ஒரு முழு வாக்கியத்தை மேற்கோள் குறிகளுக்குள் போட்டு இணையத்தில் தேடுங்கள். பல நேரம் மூலப்பதிவு அகப்பட்டுவிடும். அதிலேயே விட்டுப்போன அந்த முதல் இரண்டு பத்தியும் இருக்கும்.