மரபணுப் பயிர்: நிபுணர் குழு தன் கணக்கை நமக்கும் காட்டட்டும்

மரபணு மாற்றப் பயிர் என்று பேச்சு எடுத்தாலே ஒரு தரப்பு, "விஞ்ஞானிகள் பார்த்துக்கொள்வார்கள், உனக்கென்ன தெரியும்?" என்று கிளம்புகிறது. இன்னொரு தரப்பு, எல்லாமே விஷம் என்கிறது. எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. இந்தத் தொழில்நுட்பத்துக்கு நான் எதிரி இல்லை. இதைப் பற்றி அரசுக்கு ஆலோசனை சொல்லும் குழுக்கள் வேலை செய்யும் விதத்தில்தான் எனக்குக் கோபம்.

பிடி (Bt) கத்தரி கதையையே எடுத்துக்கொள்வோம். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்து, காய்ப்புழு தாக்காதபடி உருவாக்கிய கத்தரி அது. காய்ப்புழுவுக்காகக் கத்தரிக்கு எத்தனை தடவை மருந்தடிக்கிறார்கள் என்று விவசாயிகளைக் கேட்டால் தெரியும். பிரச்சினை உண்மையானது. அதனால்தான் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் மாகிகோ என்ற விதை நிறுவனத்தோடு சேர்ந்து கோ 2, எம்.டி.யு 1, கே.கே.எம் 1, பி.எல்.ஆர் 1 ஆகிய நம் ரகங்களில் அந்த மரபணுவைக் கொண்டுவந்தது. 2009 அக்டோபர் 14 அன்று மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு அதற்குப் பச்சைக்கொடி காட்டியது. உச்ச நீதிமன்றம் அந்தக் குழுவுக்கு அனுப்பிவைத்த மூத்த விஞ்ஞானி பி.எம்.பார்கவா, சோதனைகள் போதாது என்று எதிர்த்தார். அந்தச் சோதனைத் தரவுகளை நாம் பார்ப்பதற்கே தகவல் உரிமை மனு, ஆணையம், நீதிமன்றம் என்று இழுபட்டு, 2008ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அவை வெளியே வந்தன. நாம் சாப்பிடப்போகும் காயின் பரிசோதனை முடிவு எப்படி ஒரு கம்பெனியின் ரகசியமாக இருக்க முடியும்?

அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்களைக் கூட்டிக் கேட்டார். (அதில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுகூட இல்லை. நான்கு ரகம் இங்கிருந்து போயிருந்தும்!) 2010 பிப்ரவரி 9 அன்று நிறுத்திவைத்தார். அந்த முடிவு சரியா தவறா என்று இன்றும் வாதாடலாம். ஆனால் ஏன் நிறுத்தினேன் என்று காரணங்களை எழுதி, தனக்கு வந்த கடிதங்களோடு சேர்த்து வெளியிட்டார். வாதாடுவதற்கு நம் கையில் காகிதமாவது இருந்தது.

அடுத்து நடந்ததை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை. அதே அமைச்சர் நாட்டின் ஆறு அறிவியல் கழகங்களிடம் கருத்துக் கேட்டார். நாட்டின் ஆகப்பெரிய மூளைகள் உட்கார்ந்திருக்கும் இடம். 2010 செப்டம்பரில் அவர்கள் தந்த அறிக்கை பிடி கத்தரியை அளவோடு வெளியிடலாம் என்றது. பார்த்தால், அதில் சில பகுதிகள் வேறொரு கட்டுரையிலிருந்து கிட்டத்தட்ட வரி மாறாமல் எடுக்கப்பட்டவை. கட்டுரையை எழுதியவர் தாமே ஒரு பிடி கத்தரியை உருவாக்கிய விஞ்ஞானி. கட்டுரை வந்தது மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் இதழில். அறிக்கையில் மேற்கோள் பட்டியல்கூட இல்லை. விஷயம் வெளியே வந்ததும் டிசம்பரில் திருத்திய பதிப்பு ஒன்று வந்தது. பரிந்துரை மட்டும் மாறவே இல்லை. பள்ளிப் பிள்ளை பார்த்து எழுதினால் தாளைப் பிடுங்குகிறோம். இங்கே ஒரு நாட்டின் சாப்பாட்டைப் பற்றிய ஆலோசனை! பயிர் நல்லதாகவே இருந்திருந்தாலும், அதன்மேல் இருந்த நம்பிக்கையை அந்த அறிக்கையே கெடுத்துவிட்டது.

சரி, அதிலிருந்து பாடம் படித்தார்களா? டெல்லிப் பல்கலைக்கழகத்தில் உருவான மரபணு மாற்றக் கடுகுக்கு 2016ல் மக்கள் கருத்துக் கேட்டார்கள். இணையத்தில் போட்டது சுருக்கத்தை. முழு ஆவணத்தைப் பார்க்க டெல்லிக்கு நேரில் போக வேண்டும். அவகாசம் முப்பது நாள். 2022 அக்டோபரில் அந்தக் கடுகை வெளியிடப் பரிந்துரைத்தபோது, தேனீக்கள்மேல் என்ன விளைவு என்ற ஆய்வை, கடுகை வெளியிட்ட பிறகு இரண்டு வருடத்துக்குள் செய்யலாம் என்று நிபந்தனை போட்டார்கள். முதலில் விதை, அப்புறம் ஆய்வு. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2024 ஜூலையில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பளித்தார்கள். தேசியக் கொள்கை ஒன்று வேண்டும் என்பதில் மட்டும் இருவரும் ஒன்றுபட்டார்கள்.

இப்போது, பயிரின் சொந்த மரபணுவிலேயே மாற்றம் செய்யும் மரபணுத் திருத்தம் வந்துவிட்டது. வேறு உயிரின் மரபணு எதுவும் மிஞ்சாத வகைகளுக்கு 2022லேயே பழைய விதிகளில் பலவற்றிலிருந்து விலக்கு தந்துவிட்டார்கள். 2025 மே மாதம் இரண்டு நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. அதில் ஒன்று சம்பா மசூரியிலிருந்து வந்தது. நல்ல ரகங்களாக இருக்கலாம், இருக்கட்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். ஆனால் விலக்கு தந்த இடத்தில்தான் வெளிப்படைத்தன்மை கூடுதலாக வேண்டும்.

குழு உறுப்பினர்கள் தங்களுக்குள்ள ஆதாயத் தொடர்புகளைச் சொல்ல வேண்டும், தொடர்பிருந்தால் அந்தப் பொருளில் விலகி நிற்க வேண்டும் என்று 2024 இறுதியில் மத்திய அரசு ஒரு வரைவு விதி வெளியிட்டது. நல்லது. அமைச்சகத்திடம் சொன்னால் மட்டும் போதாது. அந்த விவரம், முழுச் சோதனைத் தரவு, எதிர்த்தவர் எழுதிய குறிப்பு மூன்றும் கூட்டக் குறிப்போடு ஒரே பக்கத்தில் இணையத்தில் இருக்க வேண்டும். சுருக்கமாவது தமிழிலும் மற்ற மாநில மொழிகளிலும் வர வேண்டும். கத்தரி போடுகிறவரும் நெல் நடுகிறவரும் படித்துக் கேள்வி கேட்க முப்பது நாள் போதாது, ஒரு சாகுபடிப் பட்டம் முழுக்கக் கொடுங்கள்.