எம்.ஐ.ஏ.வின் "கலா": உறுமியைத் தவிர எல்லாவற்றையும் பேசிவிட்டோம்

போன வாரம் அக்கா மகனோடு சென்னையிலிருந்து மதுரைக்குக் காரில் போனேன். திண்டிவனம் தாண்டியதும் பாடகி எம்.ஐ.ஏ.வின் "கலா" ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து போட்டேன். அவனுக்கு அதில் "பேப்பர் பிளேன்ஸ்" மட்டும்தான் தெரியும், அதுவும் ரீல்ஸில் வருகிற அரை நிமிஷம். மூன்றாவது பாட்டு முடிவதற்குள் "மாமா, இதுல பாட்டு எங்க இருக்கு, ஒரே சத்தமா இருக்கே" என்றான். 2008ல் ஹாஸ்டல் அறையில் இதைப் போட்டபோதும் நண்பர்கள் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனியாகக் கேட்டேன். இப்போது சொல்லத் தெரியும் என்று நினைக்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆல்பம் 2007 ஆகஸ்டில் வந்தது, பன்னிரண்டு பாட்டுகள். எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசம் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போருக்கு நடுவில் வளர்ந்து, பத்து பதினோரு வயதில் அகதியாகத் திரும்ப லண்டன் வந்தவர். முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயரான "அருளர்" என்று பெயர் வைத்தார். இரண்டாவதுக்கு அம்மாவின் பெயர். லண்டனில் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த அம்மா. பிள்ளைகளைக் காப்பாற்ற ஊர் ஊராக, நாடு நாடாக அலைந்த ஒரு பெண்ணின் பெயரை, ஊர் ஊராக அலைந்து பதிவு செய்த ஒரு ஆல்பத்துக்கு வைத்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

அலைந்ததற்குக் காரணம் விசா. அமெரிக்காவில் உட்கார்ந்து அங்கத்திய இசைத் தயாரிப்பாளர் டிம்பலாண்டோடு இந்த ஆல்பத்தைச் செய்வதாகத்தான் பேச்சு. 2006ல் அங்கே வேலை செய்ய விசா கிடைக்காமல் இழுத்தது. சரி, உள்ளே விடாவிட்டால் போகட்டும் என்று இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று கிளம்பிவிட்டார். சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மானின் ஸ்டுடியோவில் உறுமிக்காரர்களை ஒரு கூட்டமாக உட்கார வைத்துப் பதிவு செய்தார். அந்தச் சத்தம்தான் "பேர்ட் ஃப்ளூ", அந்தச் சத்தம்தான் "பாய்ஸ்".

இங்கேதான் எனக்கு ஆதங்கம். இந்த ஆல்பத்தைப் பற்றி இத்தனை வருஷத்தில் எவ்வளவோ படித்திருக்கிறேன், நண்பர்களோடு சண்டை போட்டிருக்கிறேன். அவர் தீவிரவாதத்தை ஆதரிக்கிறாரா, உண்மையான தமிழச்சியா, போராட்டத்தை ஃபேஷனாக விற்கிறாரா, பணக்காரரைக் கல்யாணம் செய்யப் போனவர் ஏழைகளைப் பற்றிப் பாடலாமா, எல்லாம் பேசியாகிவிட்டது. உறுமியைப் பற்றி யாரும் பேசவில்லை. வெள்ளைக்கார விமர்சகர்கள் இந்த ஆல்பத்தைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள், "ரோலிங் ஸ்டோன்" பத்திரிகை 2007ன் சிறந்த ஆல்பம் என்று இதைத்தான் தேர்ந்தெடுத்தது. அவர்கள் காதுக்கு அது எங்கிருந்தோ வந்த புதுத் தாளம், அதற்கு மேல் அவர்களிடம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் நமக்கு அது என்னவென்று தெரியுமே! எங்கள் ஊரில் சாமி கிளம்பும்போது வாசிப்பார்களே, இடுப்பு ஒடுங்கிய அந்த மேளம், ஒரு பக்கம் மெல்லிய குச்சியால் அடியும் மறுபக்கம் வளைந்த குச்சியால் தேய்ப்பும், தேய்க்கிற பக்கத்திலிருந்து அடிவயிற்றில் இருந்து வருகிற மாதிரி ஒரு உறுமல். அந்த உறுமல் கேட்டுத்தான் சாமியாடிக்கு அருள் வரும். சின்ன வயதில் எனக்கு அது பயமாக இருக்கும், அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொள்வேன்.

"பேர்ட் ஃப்ளூ" முதல் தடவை கேட்டபோது அந்தப் பயம் அப்படியே வந்தது. ஹெட்போனுக்குள், ஹாஸ்டல் கட்டிலில், ராத்திரி பதினோரு மணிக்கு. கோழி கொக்கரிக்கிற சத்தம், பிள்ளைகள் கத்துகிற சத்தம், அதற்கு அடியில் நிற்காமல் ஓடுகிற மேளம். ரவி நடித்த "ஜெயம்" படத்தின் "திருவிழான்னு வந்தா" பாட்டிலிருந்து ஒரு துண்டும் அதற்குள் இருக்கிறது. ஆல்பத்தைத் திறக்கிற "பாம்பூ பாங்கா"வில் "தளபதி"யின் "காட்டுக்குயிலு" இருக்கிறது, இளையராஜாவின் தாளத்தோடு அமெரிக்க ராக் பாட்டு ஒன்றின் வரிகளைச் சேர்த்து ஓட விட்டிருக்கிறார். இதை மேற்கில் ஒருவர் கேட்பதும் நாம் கேட்பதும் ஒன்றாக இருக்கவே முடியாது. நமக்குத்தான் இந்த ஆல்பம் பாதித் திறந்த கதவு. அந்தக் கதவுக்கு வெளியே நின்று அவர் நல்லவரா கெட்டவரா என்று பேசிக்கொண்டே இருக்கிறோம்.

"பாட்டு எங்கே" என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். மெட்டைத் தேடினால் ஏமாற்றம்தான். அவர் பெரிய பாடகி இல்லை, அப்படி அவரும் சொல்லிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. பாதி பேச்சு, பாதி கத்தல், பிள்ளைகள் தெருவில் விளையாடும்போது பாடுகிற மாதிரி ஒரு குரல். அதை மேளத்தில் ஒரு மேளமாக வைத்துக் கேட்க வேண்டும். நையாண்டி மேளத்துக்கு முன்னால் நின்று யாரும் "இதில் மெட்டு எங்கே" என்று கேட்டதில்லையே.

"பேப்பர் பிளேன்ஸ்" பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஆல்பத்தின் பதினோராவது பாட்டு, கிட்டத்தட்ட கடைசி. வெளியான அடுத்த வருஷம் ஒரு படத்தின் டிரெய்லரில் வந்து, அமெரிக்காவின் பில்போர்டு பாடல் பட்டியலில் நான்காவது இடம் வரை போனது, அப்புறம் "ஸ்லம்டாக் மில்லியனர்" படத்திலும் வந்தது. பல்லவியில் நான்கு துப்பாக்கிச் சத்தம், பிறகு கல்லாப்பெட்டி திறக்கிற சத்தம். துப்பாக்கியைப் புகழ்கிற பாட்டு என்று பலர் முடிவு கட்டினார்கள், அமெரிக்கத் தொலைக்காட்சியில் அந்தச் சத்தத்தையே மழுப்பினார்கள். விசாவுக்காக அலைக்கழிக்கப்பட்ட ஒருத்தி, வந்தேறி என்றால் நீங்கள் மனதில் என்ன நினைக்கிறீர்களோ அதையே பாடிக் காட்டுகிறாள் என்பது எனக்கு முதல் முறையே புரிந்தது என்று சொல்ல மாட்டேன், பல தடவை கேட்ட பிறகுதான் புரிந்தது. அடியில் ஓடுகிற கிட்டார் தி கிளாஷ் குழுவின் 1982ஆம் வருஷத்துப் பாட்டிலிருந்து எடுத்தது, அதுவும் யாருக்கும் வேண்டாத வந்தேறிகளைப் பற்றிய பாட்டு. இப்படி யோசித்து எடுத்தவரைப் பார்த்து "சும்மா கத்துகிறாள்" என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

கனடாவில் இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், என்னை விட மூத்தவர், இந்த ஆல்பத்தைப் பற்றிச் சொன்னது வேறு. அவருக்கு இசை பெரிதாகப் பிடிக்காது. "தம்பி, 2009 பெப்ரவரியில அந்தப் பிள்ளை நிறைமாத வயிற்றோட கிராமி மேடையில நிண்டதைப் பார்த்து நான் அழுதனான்" என்றார். ஜே-ஸி, கான்யே வெஸ்ட், லில் வெய்ன், டி.ஐ. என்ற நான்கு ராப் பாடகர்களும் கோட் சூட்டில், நடுவில் இவர், பிரசவத்துக்குக் குறித்த நாளில். அவர்கள் பாடியது "பேப்பர் பிளேன்ஸ்" குரலை எடுத்துக் கட்டிய பாட்டு. அந்த மாதங்களில் வன்னியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் அதைப் பற்றி வாய் திறந்த பாப் பாடகர் அவர்தான் என்பது நண்பருக்குப் போதும். அதே நண்பரின் தங்கை, "எங்கட கதையை வைச்சுப் பெயர் எடுத்தவா, எங்கட சனத்துக்கு அதால என்ன கிடைச்சது" என்கிறார். ஒரே வீட்டில் இரண்டு கருத்து. அந்த இருவரின் வலிக்கும் முன்னால் தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் இருவருமே ஆல்பத்தை முழுதாகக் கேட்டதில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொரு பேச்சு, எல்லாவற்றையும் செய்தது அமெரிக்க இசைத் தயாரிப்பாளர் டிப்ளோதான் என்பது. 2007லேயே இதைப் பற்றி எம்.ஐ.ஏ. பேட்டியில் வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார். டிப்ளோ சில பாட்டுகளில் இருக்கிறார், "பேப்பர் பிளேன்ஸ்" அவர் கை பட்டதுதான், மறுக்கவில்லை. ஆல்பத்தின் பெரும்பகுதி எம்.ஐ.ஏ.வும் ஸ்விட்ச் என்கிற இன்னொரு தயாரிப்பாளரும் சேர்ந்து செய்தது. பெண் ஒருத்தி மேளத்தைத் தேடிப் போய், வாசிக்கிறவர்களிடம் பேசி, வெட்டி ஒட்டி ஒரு சத்தத்தை உருவாக்கினால், உடனே பக்கத்தில் நிற்கிற ஆணைப் பார்த்து "நீங்கதானே சார்" என்று கேட்கிற பழக்கம் அமெரிக்காவிலும் இருக்கிறது.

குறையே இல்லையா என்றால் இருக்கிறது. கடைசிப் பாட்டு "கம் அரவுண்ட்" டிம்பலாண்டோடு செய்தது, எனக்கு அது ஆல்பத்தோடு ஒட்டவே இல்லை, "பேப்பர் பிளேன்ஸ்" முடிந்ததும் நிறுத்திவிடுவேன். "ஜிம்மி" 1982ல் வந்த "டிஸ்கோ டான்ஸர்" படப் பாட்டின் மறுபதிப்பு, சின்ன வயதில் விருந்துகளில் அவர் ஆடிய பாட்டாம், பிடித்தவர்களுக்கு மிகவும் பிடிக்கும், எனக்குச் சுமார். 2020ல் தடுப்பூசிக்கு எதிராக எம்.ஐ.ஏ. பேசியதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை, அதற்குப் பிறகு அவர் பாட்டையே விட்டுவிட்டேன் என்று சொல்பவர்களை நான் தடுக்கவும் மாட்டேன்.

ஆனால் "வேர்ல்ட் டவுன்" வரும்போது என்னால் சும்மா உட்கார முடிவதில்லை. அன்றைக்கு விராலிமலை பக்கம் அந்தப் பாட்டு வந்தபோது அக்கா மகன் சத்தத்தைக் குறைக்கவில்லை. பிடித்திருக்கிறது என்றும் சொல்லவில்லை. "இந்த மேளம் நம்ம முத்தாலம்மன் கோயில்ல அடிக்கிறதுதானே மாமா?" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன். யார் வாசித்தது என்று கேட்டான். எனக்கு ஒரு பெயர்கூடச் சொல்லத் தெரியவில்லை. பதினேழு பதினெட்டு வருஷமாகக் கேட்கிற ஆல்பம், இதன் முதுகெலும்பே அந்த மேளம்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன், வாசித்தவர்களின் பெயர் எனக்குத் தெரியாது. மதுரை போய்ச் சேரும்வரை அதுதான் மனதில் ஓடியது.

சென்னையில் அன்று அந்தப் பதிவில் உறுமி வாசித்தவர்களையோ அவர்கள் குழுவையோ அறிந்தவர்கள் இதைப் படித்தால் எழுதுங்கள். அந்த நாள் எப்படி இருந்தது, அவர்களிடம் என்ன வாசிக்கச் சொன்னார், ஆல்பம் வந்தபோது அதை அவர்கள் கேட்டார்களா, கேட்டு என்ன நினைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள மிகவும் ஆசையாக இருக்கிறது.